வெட்டிய தலை, சேர்த்த தலை

மும்பை தாராவியில் குயவர்கள் வாழும் கும்பர்வாடாவில், சூளைக்குப் போகாத பானையைத் தொட்டால் விரல் பதியும். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவற்றை வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். இந்தப் பானையில் தண்ணீர் மொண்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "கரைஞ்சு போயிடும். ரேணுகா கையில மட்டுந்தான் கரையாது" என்றாள். அன்று ராத்திரி முழுக் கதையையும் சொன்னாள்.

அம்மா பிறந்த ஊர் குடியாத்தம். அப்பா தோல் பட்டறை வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர். விளக்கை அணைத்த பிறகு அம்மாவின் குரல் மட்டும் இருக்கும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா, ஆற்று மணலைப் பிடித்தே பானையாக்குவாளாம். பாம்பைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துத் தண்ணீர் கொண்டு வருவாளாம். ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் தெரிந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டாள். மணல் பானையாகக் கூடவில்லை. முனிவர் மகனைக் கூப்பிட்டு அவள் தலையை வெட்டச் சொன்னார். பரசுராமன் கோடரியை எடுத்தான். உயிருக்குப் பயந்து ஓடிய ரேணுகா, சேரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள். வீசிய வீச்சில் இரண்டு தலையும் விழுந்தன. தந்தை வரம் கொடுத்தார். மகன் தாயை உயிரோடு கேட்டான். அவசரத்தில் தலைகள் மாறிப்போயின. அம்மா கதையை இங்கே நிறுத்திவிட்டு, "அதனாலதான் நம்ம ஆத்தாளுக்குத் தலை ஒரு வீட்டுது, உடம்பு ஒரு வீட்டுது" என்பாள்.

இந்தக் கதையை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஓய்வு பெற்றுச் செம்பூரில் குடியேறிய பிறகு எனக்கே அது மறந்திருந்தது. அதை மீட்டுக் கொடுத்தது ஒரு வீடியோ கேம்.

தங்கை மகன் அனிமேஷன் படிக்கிறான். 2005-இல் வந்த 'காட் ஆஃப் வார்' விளையாட்டை ஒருநாள் மாலை எனக்குக் காட்டினான். கிரேட்டோஸ் என்னும் கிரேக்க வீரன், கூந்தல் முழுதும் பாம்பாக நெளியும் ஒரு பெண்ணோடு சண்டை போடுகிறான். அவள் பெயர் மெடூசா. கடைசியில் அவள் தலையைக் கையாலேயே பிடுங்கி எடுக்கிறான். அதற்குப் பிறகு அந்தத் தலையைத் தூக்கிக் காட்டினால் எதிரிகள் கல்லாகிறார்கள். "இது கிடைச்சிட்டா ஆட்டம் ஈஸி பெரியம்மா" என்றான். அவள் யார் என்று கேட்டேன். "ராட்சசி" என்றான். அவளை ராட்சசி ஆக்கியது யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு இருவருமாகத் தேடிப் படித்தோம்.

கி.மு. 700 வாக்கில் ஹெசியட் பாடிய கதையில் மெடூசா மூன்று சகோதரிகளில் ஒருத்தி. அவளுக்கு மட்டும் சாவு உண்டு. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கவி ஓவிட் அதே கதையை வேறு மாதிரி எழுதினார். அதில் அவள் அழகான கூந்தல் உள்ள இளம்பெண். கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே பலாத்காரம் செய்கிறது. தண்டனையோ அவளுக்குத்தான் கிடைக்கிறது: கோயிலுக்குரிய பெண் தெய்வம் அதீனா அவள் கூந்தலைப் பாம்பாக்குகிறது. பிறகு பெர்சியஸ் என்ற வீரன் பளபளக்கும் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை வெட்டுகிறான். வெட்டிய தலை அதீனாவின் கேடயத்தில் போய்ச் சேர்கிறது.

படித்து முடித்ததும் எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. தலையில் பாம்பு. தண்ணீரிலும் கேடயத்திலும் ஒரு பிம்பம். ஆண் செய்த குற்றத்துக்கோ ஆணின் கோபத்துக்கோ பெண்ணின் தலை. இரண்டு நாட்டுக் கதைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே அநியாயத்தைச் சொல்கின்றன என்கிறேன்.

அந்த அநியாயம் திரையில் என்ன ஆனது? 1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' படத்தில் ரே ஹாரிஹவுசன் மெடூசாவைப் பொம்மையாகச் செய்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார். பாம்பு வாலும் வில்லும் அம்புமாக இருட்டில் ஊர்ந்து வரும் அந்த உருவம் பின்னால் வந்த பல விளையாட்டுகளுக்கு முன்மாதிரி. 2018-இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யிலும் அவள் வீழ்த்தப்பட வேண்டிய பெரிய எதிரி. டிஸ்னி 1997-இல் எடுத்த 'ஹெர்குலிஸ்' கார்ட்டூன் படம் இன்னொரு வகை. கிரேக்கக் கதையில் சிறகுள்ள குதிரை பெகாசஸ், மெடூசாவின் வெட்டுண்ட கழுத்திலிருந்து பிறந்தது, அவள் பிள்ளை. கோர்ஃபு தீவில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலின் முகப்புச் சிற்பத்தில் அவள் தன் பிள்ளைகளோடுதான் இருக்கிறாள். டிஸ்னி படத்தில் அதே குதிரையை ஜீயஸ் தெய்வம் மேகத்தைப் பிசைந்து செய்து குழந்தை ஹெர்குலிஸுக்குப் பரிசாகக் கொடுக்கிறது. குதிரை இருக்கிறது, தாய் இல்லை. குழந்தைகள் படம் என்பதால் ரத்தத்தைத் துடைத்தார்கள். அதோடு தாயையும் துடைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 2020-இல் வந்த 'ஹேடிஸ்' விளையாட்டு. அதில் டூசா என்ற பாத்திரம் மிதக்கும் தலையாக வந்து, பாதாள அரண்மனையில் தூசி தட்டும் வேலை செய்கிறது. கூச்ச சுபாவம், நல்ல மனசு. தங்கை மகனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு உடம்பு எங்கே என்று கேட்டேன். "உடம்பு கிடையாது பெரியம்மா, தலை மட்டுந்தான்" என்றான். அவளிடம் அன்பு காட்டிய கதைகூட உடம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதே 2020-இல் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சிலை வைத்தார்கள். சிற்பி லூசியானோ கார்பாட்டி 2008-இல் செய்தது. அதில் மெடூசாவின் ஒரு கையில் வாள், இன்னொரு கையில் பெர்சியஸின் தலை. அந்தச் சிலையின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாள் கை மாறியதே தவிர, தலை இன்னும் தரையைப் பார்த்துத்தான் தொங்குகிறது.

குடியாத்தத்தில் நடப்பது வேறு. வைகாசி முதல் நாள், மே 14 அல்லது 15, ரேணுகாவின் தலையே அம்மனாகும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தங்கை மகனை ஒரு வருடம் கூட்டிக்கொண்டு போனேன். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்படுகிறது. பெரிய முகம், அகன்ற கண், கழுத்து கொள்ளாத மாலை. வழி நெடுக மாலை வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. சூறைத் தேங்காய் உடைந்து சில்லு காலில் குத்துகிறது. கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் தலையில்லாத ஓர் உடல் காத்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைச் சண்டாளச்சி உடல் என்று கூச்சமில்லாமல் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். அந்த உடல்மேல் சிரசைப் பொருத்துகிறார்கள். அம்மன் கண் திறந்த அந்த நேரத்தில் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் என் பக்கத்தில் நின்ற தங்கை மகன் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கிரேக்கக் கதையில் தலையை வெட்டி ஆயுதமாக்கினார்கள். எங்கள் ஊரில் வெட்டிய தலையை ஒவ்வொரு வருடமும் ஊரே கூடிச் சேர்த்து வைக்கிறது. ஊர் ஒதுக்கி வைத்த பெண்ணின் உடலில் முனிவர் மனைவியின் தலை நிற்கும்போதுதான் அவள் தெய்வம். தனித்தனியாக இருவரும் வெட்டுப்பட்ட பெண்கள், சேர்ந்தால்தான் ஆத்தாள். இதைவிடப் பெரிய கதை முடிவை எந்த அனிமேஷன் படத்திலும் நான் பார்க்கவில்லை.

மும்பைக்கும் இவள் அந்நியமில்லை. எங்கள் கட்டடத்தில் எதிர்வீட்டு மராத்தி அம்மாவின் குலதெய்வம் நாந்தேடு மாவட்டத்து மாஹூர் ரேணுகா. நவராத்திரியில் கலசம் வைத்துப் பூசை செய்வார். ஒரு வருடம் மாஹூர் படத்தைக் காட்டினார்; கருவறையில் இருப்பது பெரிய முகம் மட்டுமே. குடியாத்தத்துச் சிரசை என் போனில் காட்டினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இத்தனை இருந்தும் நம் கார்ட்டூனில் இவள் எங்கே? 2005-இல் வி.ஜி. சாமந்த் இயக்கிய 'ஹனுமான்' வந்தது. பிறகு 'பால கணேஷ்', 2008-இல் 'சோட்டா பீம்'. ஜப்பானியர் யூகோ சாகோ மும்பையின் ராம் மோகனோடு சேர்ந்து 1990-களில் எடுத்த ராமாயணப் படம் 2025 ஜனவரியில் தமிழ் பேசியே திரைக்கு வந்தது. அதே வருடம் 'மகாவதார் நரசிம்மா'வைத் தியேட்டரில் கூட்டத்தோடு பார்த்தேன். எல்லாம் நல்ல முயற்சிகள். எல்லாவற்றிலும் நாயகன் ஆண். புனே நிறுவனம் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' விளையாட்டில்தான் ஒரு பெண், துர்கை தந்த சூலத்தோடு தம்பியைத் தேடிப் போகிறாள். முன்கதையை நிழற்பொம்மையாட்டம் போலச் சொல்கிறார்கள். அந்தப் பாதையில் ரேணுகாவுக்கும் மாரியம்மனுக்கும் இடம் இருக்கிறது.

கும்பிடுகிற சாமியை விளையாட்டுப் பொருளாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 'ஸ்மைட்' என்ற அமெரிக்க விளையாட்டில் காளியை அரைகுறை ஆடையில் காட்டியபோது 2012-இல் அங்குள்ள இந்துக்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனால் எதிர்ப்போடு நின்றால் நம் ஆத்தாளை அடுத்தவர்களே வரைந்துகொண்டிருப்பார்கள். நம் மரபு சாமியைப் பெட்டியில் பூட்டி வைத்த மரபு இல்லை. தெருக்கூத்தில் வேஷம் கட்டினோம், கரகமாகத் தலையில் தூக்கினோம், உடுக்கை அடித்து ஊர் ஊராகப் பாடினோம். ஒவ்வொரு ஊரும் தன் ரேணுகாவைத் தானே சொல்லிக்கொண்டது. அனிமேஷனும் அந்த வரிசையில் வரலாம். சொல்கிறவருக்குப் பக்தி வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. கதை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், வெட்டுப்பட்டவள்மேல் இரக்கம் இருக்க வேண்டும்.

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து கணினியில் படம் வரையப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு முதல் வேலை வெளிநாட்டுப் படத்துக்கு உருவம் செய்வதாக இருக்கலாம். அதைச் சுத்தமாகச் செய்யுங்கள். பிறகு உங்களுக்கென்று ஒரு ஐந்து நிமிடப் படம் செய்யும்போது, ரேணுகா ஓடிவந்து கட்டிக்கொண்ட அந்த இரண்டாவது பெண்ணிலிருந்து தொடங்குங்கள். அவள் பாவம் ஏதும் செய்யவில்லை. எந்தக் கந்தர்வனையும் பார்க்கவில்லை. ஓடி வந்தவளை விலக்கித் தள்ளாமல் நின்றாள், அதற்காக வெட்டுப்பட்டாள். அம்மா சொன்ன கதையில் அவளுக்குப் பெயரே கிடையாது. தாராவியில் வளர்ந்த எனக்கு, அடைக்கலம் கொடுத்த அந்தக் கை யாருடையது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தங்கை மகன் இப்போது அவளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறான். முகத்தை இன்னும் வரையவில்லை. கைகள் முடிந்துவிட்டன: விரல் நுனியில் ஈரக் களிமண், கும்பர்வாடா பானையிலிருந்து எடுத்தது போல.