குழந்தைக்காக ஒரு சாடி

சென்ற வாரம் தேக்கா நிலையத்தில் முன்னாள் மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். தந்தையாகப் போகிறாராம். குழந்தை பிறக்கும் நாளில் திறப்பதற்கென்று வீட்டிலேயே பீர் காய்ச்சி வைக்கப்போவதாகக் கூறினார். என் முகம் மாறியதைக் கண்டு, “சட்டப்படிதான், டீச்சர்” என்றார். உண்மைதான். 18 வயது நிரம்பியோர் சொந்தப் பயன்பாட்டுக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சச் சிங்கப்பூர் 2004-இலேயே இசைந்துவிட்டது. விற்கத்தான் கூடாது.

எதைக் காய்ச்சுவது என்பதே அவர் குழப்பம். ஹாப்ஸ் மணம் மிகுந்த வெளிர்நிறப் பீர் சில மாதங்களில் மணமிழக்கும்; ஆல்கஹால் மிகுந்த கரிய ஸ்டவுட் ஆண்டுக்கணக்கில் முதிரும் என்றெல்லாம் விளக்கினார். சீனாவின் ஷாவ்சிங்கில் மகள் பிறந்ததும் அரிசி மதுவைப் புதைத்துவைத்து, அவள் திருமணத்தில் திறப்பார்கள். ஆகவே இவ்வழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆயினும் கருவுற்ற பெண்ணுக்கு மது ஆகாது; பாலூட்டும்போதும் தவிர்ப்பதே நன்று. சுமந்தவள் பருக முடியாததைக் குழந்தையின் பெயரால் சேமிப்பது தந்தையின் கொண்டாட்டம் மட்டுமே என்பது என் கருத்து.

“மனைவிக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறாய், தம்பி?” என்றேன். விழித்தார். மசக்கைக்கு உதவுமென்று நம் பாட்டிமார் உப்பு நார்த்தங்காயைச் சாடியில் வைத்திருந்தனர். சுருளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தினால் பல ஆண்டுகள் கெடாது. கறுக்கக் கறுக்கச் சுவை கூடும். (நார்த்தங்காய் என்றால் என்னவென்று என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை!)

அன்று பஃபலோ சாலையில் நார்த்தங்காய் அகப்படவில்லை. எலுமிச்சை இரண்டு கிலோ வாங்கிச் சென்றார்.