டயலுக்குப் பின்னால் இருக்கும் பாடம்

சென்ற மாதம் பெங்களூரு பி.வி.கே. ஐயங்கார் சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், பன்னிரண்டுக்குக் கீழே பிரித்தானிய அரசுடைமையைச் சுட்டும் அகன்ற அம்புக்குறி. "பைலட் வாட்ச், தம்பி. வெள்ளைக்காரன் யுத்தத்துல கட்டினது" என்றார் கடைக்காரர். பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். இயந்திரத் தகட்டில் எச்.எம்.டி. என்று பொறித்திருந்தது. போர் முடிந்தது 1945இல், எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து இதே ஊரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது 1961இல். இருவரும் சிரித்துவிட்டோம்.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஏட்டின் முகப்பில் எழுதியிருக்கும் நூற்பெயரை மட்டும் நம்பி எவரும் நூலைப் பதிப்பிப்பதில்லை. கடிகாரத்தில் மிக எளிதாக மாற்றத்தக்க உறுப்பு டயல். ஆகவே சாட்சிகளுள் வலுக்குறைந்ததும் அதுவே. பின்மூடியின் பொறிப்பு அதைவிட மேல். மூடி, உறை, இயந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மறுக்காதபோதுதான் பாடம் உறுதிப்படும்.

பொறிப்புகளுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 'ஏ.எம். 6பி/159' என்றிருந்தால் பிரித்தானிய விமானப்படை அமைச்சகம் போர்க்காலத்தில் வாங்கிய கடிகாரம். ஒமேகா, லாங்கின்ஸ் முதலிய நிறுவனங்கள் செய்தளித்தவை. '6பி/346' என்றிருந்தால் அது மார்க் 11. 1948க்குப் பிந்தையது, எனவே உலகப்போரைக் கண்டிராதது. மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் இருந்தால் பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்கள் பிரித்தானியத் தரைப்படைக்கென்று செய்த வகை. சந்தையில் 'பைலட்' என்று விலைபேசப்படுவனவற்றுள் பல இத்தகைய காலாட்படைக் கடிகாரங்களே. அமெரிக்கரின் ஏ-11 வகையில் சாவியை இழுத்தால் விநாடிமுள் நின்றுவிடும். விமானக்குழுவினர் அனைவரும் ஒரே கணத்தில் நேரத்தைப் பொருத்திக்கொள்வதற்கான ஏற்பாடு அது. ஜெர்மானிய வானோடிக் கடிகாரமோ 55 மில்லிமீட்டர் விட்டம் உடையது. தடித்த மேற்சட்டையின் கைக்கு மேல் கட்டுவதற்கானது. 'அசல் ஜெர்மன் பைலட்' என்று நாற்பது மில்லிமீட்டரில் ஒன்றை எவரேனும் நீட்டினால், மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை.

இங்கே சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. டயலுக்கு மறுவண்ணம் பூசிய இந்தியக் கடிகாரங்களை 'மும்பைப் போலிகள்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகமும் போருக்குப்பின் ரேடியம் டயல்கள் பலவற்றை அகற்றி, வட்டத்துக்குள் 'டி' எழுத்திட்ட டிரிடியம் டயல்களைப் பொருத்தியது. அதைச் சேகரிப்பாளர்கள் வரலாறு என்கிறார்கள். நம் ஊர்ப் பழுதுபார்ப்பவர் உப்பிப்போன டயலுக்கு வண்ணம் பூசி ஓடவைத்தால் மட்டும் மோசடி என்கிறார்கள். பிற்காலக் கை பட்ட ஏடெல்லாம் பொய்யேடு ஆகிவிடாது. இல்லாத அம்புக்குறியை வரைந்து, இல்லாத வானோடியின் கதையைச் சேர்த்து விற்பதுதான் இடைச்செருகல். எச்.எம்.டி. 'பைலட்' பதினேழு கற்கள் கொண்ட, சாவி கொடுத்து ஓட்டும் நேர்மையான குடிமக்கள் கடிகாரம். தன் பெயரிலேயே மதிப்புடைய அதற்குப் போர்க்கால வேடம் எதற்கு?

பெங்களூரைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்கும் அன்று. 1940இல் இங்கே தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் 1943 முதல் போர் முடியும்வரை அமெரிக்க விமானப்படையின் பணிமனை இயங்கியது. பர்மா, சீனப் போர்முனைகளின் விமானங்கள் பழுதுபார்ப்புக்காக இங்கே வந்தன. அவற்றோடு வந்த ஏ-11 ஒன்று இந்நகரின் ஏதோவொரு மேசை இழுப்பறையில் கிடப்பது நடவாத காரியம் அன்று. ஆனால் அந்த வாய்ப்பைச் சான்றாக எண்ணிவிடக் கூடாது. பொறிப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால், பிறகு எந்த ஆவணக்காப்பகத்தாலும் அதை மீட்க இயலாது.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் மூடியை ஒளிப்படம் எடுங்கள். டயலைச் சுரண்டாதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். இருளில் ஒளிராததால் ரேடியம் அடங்கிவிட்டது என்று பொருளில்லை; ஒளிரும் துத்தநாகச் சேர்மம்தான் தேய்ந்துபோயிருக்கிறது. ரேடியத்தின் அரையாயுள் ஏறக்குறைய 1600 ஆண்டுகள்.

அன்று கிளம்பும்போது கடைக்காரர் மற்றொன்றையும் எடுத்துக் காட்டினார். பழுப்பேறிய டயல், எண்கள் பாதி உதிர்ந்திருந்தன. பின்மூடியில் மட்டும் ஒரு வரி மங்கலாகத் தெரிந்தது. "இதையும் பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க தம்பி" என்றார். "வேண்டாம்ண்ணா, அப்படியே குடுங்க" என்று சொல்லி, அவர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கிவந்தேன். அந்த வரியை இன்னும் படித்து முடிக்கவில்லை.