ஐவர் பணம் யாருக்குரியது?

கணினித் துப்பாக்கி விளையாட்டுக்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. விரைந்த விரலும் கூரிய கண்ணும் உடையவனே வெல்வான். அவன் கையிலிருப்பது எத்துப்பாக்கி, அதனை அவன் எப்போது வாங்கினான் என்பனவெல்லாம் அற்ப விடயங்கள் என்பதே அக்கருத்து. அணியாக ஆடப்படும் விளையாட்டொன்றைத் தனிமனித வீரத்தின் கதையாகச் சுருக்கிவிடும் இந்நோக்கு தவறானது மட்டுமன்று. அணிகளைத் தோல்விக்கு இட்டுச்செல்வதுமாகும். கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டின் பொருளாதாரத்தை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.

1999 இல் வேறொரு விளையாட்டின் மீது ஆர்வலர்கள் அமைத்த மாற்றுவடிவமாகத் தோன்றிய இது, 2000 இல் வால்வ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. 2023 இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகப் புதுவடிவம் பெற்றது. அணிக்கு ஐவர். போட்டியின் ஒவ்வொரு பாதியும் தொடங்கும்போது ஒவ்வொருவர் கையிலும் 800 டொலர் இருக்கும். அதன்பின் சுற்றுக்களின் முடிவே வருமானத்தை நிர்ணயிக்கும். எதிரணி முழுவதையும் வீழ்த்தி வென்றால் ஆளுக்கு 3,250 டொலர். தோற்ற அணிக்கும் உதவிப்பணம் உண்டு; பாதியின் முதற் சுற்றில் தோற்றால் 1,900 டொலர். தொடர்ந்து தோற்குந்தோறும் அது 500 டொலராக உயர்ந்து 3,400 வரை செல்லும். வீழ்ந்தவன் ஆயுதங்களை இழப்பான். தப்பியவன் அவற்றை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்வான்.

தாக்கும் அணியினனுக்கு ஏ.கே. 47 துப்பாக்கி 2,700 டொலர். மார்புக்கவசமும் தலைக்கவசமும் 1,000 டொலர். ஆக, முறையாகப் போரிட ஒருவனுக்கு 3,700 டொலராவது வேண்டும். முதற் சுற்றில் எல்லாவற்றையும் செலவிட்டுத் தோற்ற அணியொன்றை எடுத்துக்கொள்வோம். எதிரிகளை வீழ்த்துவதாற் பெறும் சிறு பரிசுகளைக் கணக்கில் கொள்ளாது விடுவோம். இரண்டாஞ் சுற்றில் ஐவரும் கைப்பணத்தைச் செலவிடாது பொறுத்துத் தோற்பின், மூன்றாஞ் சுற்றில் ஆளுக்கு 1,900 உம் 2,400 உம் சேர்ந்து 4,300 டொலர் இருக்கும். ஐவரும் முழு ஆயுதபாணிகளாவர். புகைக்குண்டுக்கும் ஒளிக்குண்டுக்குங்கூடப் பணம் மிஞ்சும். மாறாக, ஐவரும் பொறுமையிழந்து 1,900 டொலரையும் செலவிட்டுத் தோற்பின், மூன்றாஞ் சுற்றில் ஆளுக்கு 2,400 டொலரே எஞ்சும். ஒருவராலும் ஏ.கே. 47 வாங்க இயலாது.

இனி, மூவர் பொறுத்திருக்க இருவர் மட்டும் செலவிட்டனர் எனக் கொள்வோம். அணியின் மொத்தப் பணம் 17,700 டொலர். ஐவரையும் ஆயுதபாணிகளாக்கத் தேவையானது 18,500 டொலர். பணத்தைக் கைமாற்ற விளையாட்டின் விதி இடமளிப்பதில்லை. துப்பாக்கியை வாங்கித் தோழனுக்குப் போட்டுக்கொடுக்கலாம், அவ்வளவே. பொறுத்திருந்த மூவரிடமும் தமது தேவை போக ஆளுக்கு 600 டொலரே மிஞ்சுமாகையால் அவ்வழியும் அடைபடுகின்றது. இருவரின் அவசரம் மூவரின் பொறுமையையும் வீணாக்கிவிடுகின்றது. பணம் ஐந்து பைகளிற் கிடப்பினும் அது ஒரே நிதி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

“திறனுள்ளவன் கைத்துப்பாக்கியாலும் வெல்வான்” என்பர் சிலர். வெல்லலாம், எப்போதாவது. ஆயின் தலைக்கவசம் அணிந்தவனையும் ஏ.கே. 47 தலையிற் படும் ஒரே குண்டால் வீழ்த்தும். தாக்கும் அணியினன் தொடக்கத்திற் பெறும் க்ளொக் கைத்துப்பாக்கிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரே கண், ஒரே கை, ஒரே குறி. விளைவு மட்டும் வேறு. திறனின் பெயரால் இவ்வேறுபாட்டை மறைப்போர் திறனையும் அறிந்தாரல்லர்.

“என் பணம், என் விருப்பம்” என்பது மற்றொரு வாதம். இதன் உண்மை உருவைக் காண வேண்டின், கையில் 6,400 டொலர் உள்ளவனைப் பார்க்க வேண்டும். 4,750 டொலர் விலையுள்ள ஏ.டபிள்யூ.பி. என்னும் தொலைநோக்கித் துப்பாக்கியையும் கவசங்களையும் அவன் வாங்கினால் எஞ்சுவது 650 டொலர். அதே பணத்தில் தனக்குக் கவசங்களும், தனக்கும் வறியவனான தோழனுக்கும் ஒவ்வோர் ஏ.கே. 47 உம் வாங்கியிருக்கலாம். ஏ.டபிள்யூ.பி. யால் ஒருவரை வீழ்த்தினாற் கிடைக்கும் பரிசு 100 டொலர், ஏ.கே. 47 க்கோ 300 டொலர். அணிக்கு அத்துப்பாக்கி தேவைப்படும் தருணங்கள் உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை. தோழன் வெறுங்கையனாக நிற்கத் தன் புகழுக்காக அதனை வாங்குவதே கண்டிக்கத்தக்கது.

எனவே எப்போதும் சேமிக்க வேண்டும் என்பதா? அன்று. பாதி முடிந்ததும் எல்லோர் பணமும் மீண்டும் 800 டொலராகிவிடும். ஆதலின் பாதியின் இறுதிச் சுற்றிற் பணத்தைப் பூட்டிவைப்பது பேதைமை. எதிரணி இறுதி வெற்றிக்கு ஒரு சுற்றே குறைவாக நிற்கும்போதும் அவ்வாறே. சேமிப்பு ஒரு கோட்பாடன்று. ஐவரும் கூடி எடுக்கும் முடிவே கோட்பாடு. கூடிச் செலவிட்டுத் தோற்கும் அணி மீண்டெழும். பிளவுபட்டுச் சேமிக்கும் அணி எழாது. 2023 இன் பின் போட்டி 30 சுற்றுக்களிலிருந்து 24 ஆகக் குறைந்து, 13 சுற்றுக்களை முதலில் வெல்வோர்க்கே வெற்றி என்றாகிவிட்ட நிலையில், தவறான ஒரு செலவை ஈடுசெய்யும் அவகாசமும் சுருங்கிவிட்டது.

இத்தனிமனித நோக்கு வளர்வதற்குக் காரணம் யாது? யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்னும் எண்ணிக்கையையே ஆட்டத்தின் அளவுகோலாகக் கொள்வதுதான். தோழனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைத்துப்பாக்கியுடன் முன்சென்று வீழ்ந்தவன் அப்பட்டியலின் அடியில் நிற்பான். அவன் கொடுத்த துப்பாக்கியால் மூவரை வீழ்த்தியவன் உச்சியில் நிற்பான். பார்ப்போர் உச்சியிலுள்ளவனைப் போற்றி, அடியிலுள்ளவனைப் பழிப்பர். இவ்வளவுகோலை ஏற்றுக்கொள்ளும் அணித் தலைவன், தன் அணியினர்க்குத் தன்னலத்தையே கற்பிக்கின்றான்.

வெற்றி ஐவர்க்கும் பொதுவாயின் பணமும் ஐவர்க்கும் பொதுவே. ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் ‘நான் எதை வாங்கலாம்?’ என்று கேட்பவன் கடைக்காரனுக்கு நல்ல வாடிக்கையாளன். ‘நாம் எதை வாங்கலாம்?’ என்று கேட்பவனே அணியினன்.