பூட்டு சரக்குக்கு, ஆளுக்கு அல்ல



விரல் ரேகைப் பூட்டும் அட்டைப் பூட்டும் இப்போது நம் பலசரக்குக் கடை, கிடங்கு வரை வந்துவிட்டன. வேலையை விட்டுப் போன பையனிடம் மாற்றுச் சாவி இருக்குமோ என்ற கவலை இல்லை. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்பதும் பதிவாகிவிடுகிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டின் விலைக்குப் பேரம் பேசுகிற நாம், அதன் ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்டே தீர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மிளகாய் வற்றல் கிடங்கின் பக்கக் கதவுக்கு இப்படி ஒரு பூட்டுப் போட்டேன். பொருத்த வந்தவர், "கரண்ட் போனால் திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். சரக்கை மனதில் வைத்து, "பூட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியே வர ஒரு பொத்தான் மட்டும். பேட்டரி இருப்பதால் பயமில்லை என்றார்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. இடையில் பேட்டரி செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் பிற்பகல் கரண்ட் போனது. முன் ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. உள்ளே கணக்குப்பிள்ளையும் இரண்டு லோடுமேன்களும். பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கதவு அசையவில்லை. "அண்ணாச்சி, கதவு திறக்கல, நெடி தாங்கல" என்று போனில் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஷட்டர் சாவியோடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இருமிக்கொண்டே மூவரும் வெளியே வந்தார்கள். அன்றைக்குத் தீ இல்லை; அதனால் வந்தார்கள். பொருத்தியவர் மேல் பாதிக் குற்றம் சொல்லலாம். "பூட்டியே இருக்கட்டும்" என்று சொன்ன வாய் என்னுடையது.

அதன்பிறகுதான் இந்த ஒயர் விவகாரத்தை உட்கார்ந்து விசாரித்தேன். நம் பேரேட்டைப் போல இதிலும் வரவு, பற்று என்று இரண்டு பக்கம் உண்டு. விரல் ரேகைக் கருவி, வெளியேறும் பொத்தான், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சிறு காந்த ஸ்விட்ச் ஆகியவற்றிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயர்கள் வரவு. அதைப் பார்த்துப் பெட்டி இடும் உத்தரவைப் பூட்டுக்கோ கேட் மோட்டாருக்கோ கொண்டுபோகும் ஒயர்கள் பற்று. பற்றுப் பக்கத்தில் ரிலே என்ற சிறு ஸ்விட்ச் இருக்கிறது.

பூட்டும் இரண்டு ஜாதி. காந்தப் பூட்டு, கரண்ட் ஓடும்வரை கதவைப் பிடித்திருக்கும், நின்றால் விட்டுவிடும். மற்றது கரண்ட் கொடுத்தால்தான் திறக்கும். நின்றால் பூட்டியே கிடக்கும். நான் வாங்கியது இந்த இரண்டாவது ஜாதி.

ஆகவே பூட்டுப் போடும் முன் ஐந்து காரியங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: உள்ளே இருப்பவர் கரண்ட் இல்லாமல், அட்டை இல்லாமல், கையாலேயே திறந்து வெளியே வர முடிய வேண்டும். வெளியேறும் கதவு உள்பக்கமிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் சொல்கிறது. கரண்ட் கொடுத்தால் திறக்கும் பூட்டு என்றால் உள்பக்கம் கைப்பிடி கட்டாயம்.

இரண்டு: காந்தப் பூட்டு என்றால், கண்ணாடி உடைத்து அழுத்தும் அவசர ஸ்விட்ச் பூட்டுக்குப் போகும் கரண்டை நேரே துண்டிக்க வேண்டும். அதை வரவுப் பக்கத்தில் கொடுத்துவிட்டால், பெட்டி கோளாறாகும்போது பயன் இல்லை. மெயினை அணைத்தால் திறந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். சிறிய காந்தப் பூட்டே ஏறக்குறைய 280 கிலோ இழுவை தாங்கும். எடுப்பது 12 வோல்ட்டில் அரை ஆம்பியர். 7 ஆம்பியர் மணி பேட்டரி இருந்தால் கணக்குப்படி 14 மணி நேரம் பிடித்திருக்கும். தீ எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதுவும் பேட்டரியைச் சேர்த்துத் துண்டிக்க வேண்டும்.

மூன்று: வெளியே விரல் வைக்கும் கருவி மட்டும் இருக்கட்டும், ரிலே உள்ள பெட்டி உள்ளே இருக்கட்டும். மலிவான சாதனங்களில் இரண்டும் ஒன்றாகவே வரும். திருடன் அதைக் கழற்றி, பொத்தானுக்குப் போகும் இரண்டு ஒயரை ஒட்டவைத்தால் போதும், கதவு திறந்துவிடும்.

நான்கு: பூட்டின் இரு முனைக்கும் குறுக்கே டயோடு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சில ரூபாய்ச் சாமான். அது இல்லாவிட்டால் ரிலே முனைகளில் பொறி பறந்து, நாளடைவில் ஒட்டிக்கொள்ளக் கூடும். பிறகு பெட்டி என்ன உத்தரவிட்டாலும் நடக்காது.

ஐந்து: மோட்டார் கேட் இருந்தால், குறுக்கே ஆள் நின்றால் நிறுத்தும் ஒளிக்கருவியின் ஒயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையால் திறக்கும் சாவி எங்கே என்பது காவலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"கரண்ட் போனதும் திறந்துகொண்டால் திருடனுக்கு வசதியல்லவா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இரவுக் காவலுக்கு ஷட்டரும் திண்டுக்கல் பூட்டும் இருக்கின்றன. உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு அவற்றைப் பூட்டுகிறோம். இந்தப் பூட்டு, ஆட்கள் நடமாடும் பகல் நேரத்துக்கு. இரண்டு வேலையையும் ஒரே பூட்டின் தலையில் கட்டியதுதான் நான் செய்த தவறு.

2019 டிசம்பர் 8 அன்று அதிகாலை, தில்லி அனாஜ் மண்டிப் பகுதியில் பட்டறைகள் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 43 பேர் இறந்தார்கள். உள்ளே உறங்கிய தொழிலாளர்கள் அவர்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறியே மாண்டார்கள். புகை வந்துவிட்டால் மனிதனுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அந்த நேரத்தில் கதவோடு போராட வைக்கலாமா?

அமாவாசைதோறும் கடைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். அன்றைக்கே ஒரு ஆளைச் சாவியோடு வெளியே நிறுத்திவிட்டு, மெயினை அணைத்து, பேட்டரியையும் கழற்றி, உள்ளே நின்று கதவைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நம் சங்கமும் தீயணைப்புத் துறையினரை அழைத்து உறுப்பினர்களுக்கு ஒருநாள் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன சரக்கை அடுத்த லாரியில் வரவழைத்துக் கொள்ளலாம். நம்மை நம்பி உள்ளே வேலை செய்கிறவர்களை அப்படி வரவழைக்க முடியாது.