காணாமல் போன புள்ளி!

தை மாதம், இரவு ஒன்பதரை மணி. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கும் அனுமந்தையின் கடற்கரைக்குப் போய்த் தெற்கே பாருங்கள். பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி, அதற்கு வலப்பக்கம் மூன்று நான்கு விரல் அகலம் தள்ளித் தேடினால், நிலா இல்லாத இரவில் மங்கலாக இன்னொன்று தென்படும். அதன் பெயர் பீட்டா பிக்டோரிஸ். தூரம் 63 ஒளியாண்டு. தாத்தா பாட்டி பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளிதான் இன்றைக்கு இந்தக் கரைக்கு வந்து சேர்கிறது.

இந்த ஒரு நட்சத்திரத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவர் பிரான்ஸ் நாட்டு விண்வெளி ஆய்வாளர் ஆன்-மாரி லாக்ரஞ்ச். அதைச் சுற்றும் கிரகத்தைப் படம் பிடித்துக் காட்டுவதுதான் அவருடைய வேலை.

கிரகத்தைப் படம் பிடிப்பது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். தூரத்திலிருந்து பார்த்தால், சூரியனைவிட வியாழன் சுமார் 100 கோடி மடங்கு மங்கலாகத் தெரியும். அதுவும் சூரியனை ஒட்டினாற்போல் இருக்கும்.

மரக்காணம் உப்பளங்களை உச்சி வெயிலில் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் சட்டென்று புரியும். பாத்திகள் வெளுத்து மின்னும்போது கண் கூசும். எதிரே வருவது யார் என்று தெரிய வேண்டுமானால் நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைக்க வேண்டும். விஞ்ஞானிகள் செய்வதும் அதைத்தான். தொலைநோக்கிக்குள் ஒரு சிறு தடுப்பை வைத்து நட்சத்திரத்தை மட்டும் மறைக்கிறார்கள். இந்தக் கருவிக்குக் கரோனாகிராஃப் என்று பெயர். 1984-ல் பிராட்ஃபோர்ட் ஸ்மித், ரிச்சர்ட் டெரைல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இப்படி மறைத்துத்தான் பீட்டா பிக்டோரிஸைச் சுற்றி ஒரு பெரிய தூசுத் தட்டு இருப்பதைப் படமெடுத்தார்கள். தூசு இருந்தால் அதற்குள் கிரகமும் உருவாகியிருக்கலாம். லாக்ரஞ்சின் தேடல் அந்தச் சந்தேகத்தில் தொடங்கியது.

இந்தத் தேடலில் சென்னைக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் தலைவர் டபிள்யூ.எஸ்.ஜேக்கப், 70 ஒஃபியூகி என்ற இரட்டை நட்சத்திரத்தை அளந்துவந்தார. கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் சின்ன வித்தியாசம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது, அதற்கு வாய்ப்பு அதிகம் என்று 1855-ல் எழுதினார். வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று அளவுகளைக் காட்டி எழுந்த ஆரம்பக் குரல்களில் அது ஒன்று. ஆனால், அப்படி ஒரு கிரகம் அங்கே நிலைத்திருக்க முடியாது என்று 1899-ல் அமெரிக்கரான மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜேக்கப் 1862-லேயே இறந்துவிட்டார். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் மட்டும் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

லாக்ரஞ்சுக்கும் அதே ஆபத்து வந்தது. 2003-ல் சிலி நாட்டுப் பாலைவனத்தில், பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் பீட்டா பிக்டோரிஸைப் படமெடுத்திருந்தார்கள். அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படம். அது ஏன்? அந்த நட்சத்திரம் பிறந்து இரண்டு கோடி வருடம்தான் ஆகிறது. அங்கே உள்ள கிரகமும் இன்னும் ஆறாத சூட்டோடு இருக்கும், அந்தச் சூடு அகச்சிவப்பில் தெரியும். அதே கருவியால் வேறொரு நட்சத்திரத்தைப் படமெடுத்து, அதன் ஒளிச்சிதறலை இதிலிருந்து கழித்தார்கள். 2008-ல் அந்தப் பழைய படங்களை மறுபடி அலசியபோது, ஓரத்தில் ஒரு புள்ளி மிஞ்சியது.

கிரகமா? பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு நட்சத்திரமா? ஒரே ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ‘இது கிரகமாக இருக்கலாம்’ என்று மட்டும் அறிவித்தார்கள். மறுபடி தொலைநோக்கியைத் திருப்பினார்கள். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் எடுத்த படங்களில் அந்தப் புள்ளியே இல்லை!

வேறு யாராவது என்றால் உடைந்துபோயிருப்பார்கள். ஆனால் அந்த மறைவிலேயே ஒரு நல்ல செய்தி இருந்தது. காணாமல் போனால், அது சுற்றிக்கொண்டு நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்குள் போயிருக்கலாம். அப்படியானால் ஒருநாள் எதிர்ப்பக்கம் வெளியே வந்தாக வேண்டும். 2009 இலையுதிர் காலத்தில் அது எதிர்ப்பக்கம் வந்தது. 2010-ல் கிரகம் உறுதியானது. நம் சூரியனிடமிருந்து சனி இருக்கும் தூரத்தில், வியாழனைப் போல் பல மடங்கு எடையோடு, ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயுக் கோளம் அது. ஒரு சுற்று முடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும்.

காத்திருந்தது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோமல்ஹாட் சாட்சி. அந்த நட்சத்திரத்தின் அருகே கண்ட ஒரு புள்ளியும் அதே 2008 நவம்பரில்தான் கிரகம் என்று உலகமெங்கும் கொண்டாடப்பட்டது. அது வருடா வருடம் மங்கி, பரந்து, கடைசியில் மறைந்தே போனது. இரண்டு பாறைகள் மோதிக் கிளம்பிய தூசு மேகமாக இருக்கலாம் என்று 2020-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

லாக்ரஞ்ச் அதன் பிறகும் பீட்டா பிக்டோரிஸை விடவில்லை. நட்சத்திரத்தின் மெல்லிய அசைவைப் பத்து வருடத்துக்கு மேல் சேர்த்த அளவுகளில் தேடி, இரண்டாவது கிரகம் ஒன்று இருப்பதாக 2019-ல் அவருடைய குழு அறிவித்தது. நட்சத்திரம் அசைந்தால் பக்கத்தில் ஏதோ இழுக்கிறது என்பதுதான் நுங்கம்பாக்கத்தில் ஜேக்கப் நம்பியதும். ஒரே வித்தியாசம், ஜேக்கப்புக்குச் சரிபார்க்க வழி இருக்கவில்லை. இந்த முறை அடுத்த வருடமே, பரனாலின் நான்கு பெரிய தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, அந்த இரண்டாவது கிரகத்தின் ஒளியையும் நேரடியாகப் பிடித்துவிட்டார்கள்.