பரணில் கிடக்கும் கணினி



ஒரு பொருள் பழுதடைந்து பயனற்றுப் போவது வேறு. அதனை விற்றவர் "இனி இதனைக் கவனியோம்" என்று கைவிடுவது வேறு. நம் இல்லங்களில் பரணேறிக் கிடக்கும் கணினிகளுள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது. எனினும் "பழசாகிவிட்டது" என்ற ஒரு சொல்லால் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் வந்த செயலியும் வேண்டும் என்கிறது. ஆகவே, நல்ல நிலையிலுள்ள கணினிகளும் ஒரே நாளில் முதியோர் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இதனால் எழும் துன்பம் சிறியதன்று. பாகூர்ப் பக்கத்துக் குடும்பத் தலைவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சாமி, மகள் காலேஜ் சேர்ந்துட்டா. கடையில நாப்பதாயிரம் சொல்றாங்க, தவணையில தர்றாங்களாம். வீட்ல பழைய லேப்டாப் ஒண்ணு கிடக்கு. அதுக்கு உயிர் வருமா? இல்ல, கடன் வாங்கித்தான் ஆகணுமா?" இவ்வினா அவர் ஒருவருடையதன்று. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் நூறு நாள் வேலையையும் நாற்று நடவையும் நம்பி வாழும் இல்லங்கள் பலவற்றின் வினா இது. ஆதலின், இம்மாதம் இதற்கே விடை காண்போம்.

விடை இதுதான்: பெரும்பாலும் உயிர் வரும். அதற்கு வழி லினக்ஸ்.

1991-ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் தொடங்கிய பணி லினக்ஸ். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதனோடு இணைந்தன. இதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். படியெடுத்து அயலாருக்குக் கொடுக்கலாம். கற்றவர் திருத்தவும் செய்யலாம். திருட்டுப் படி என்ற பழியும் இல்லை.

இது நம் மண்ணுக்குப் புதியதும் அன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ் லினக்ஸ்' என்பதை 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் உறவு கொண்ட நம் வீடுகள் சிலவற்றில் அம்மடிக்கணினிகள் இன்றும் உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகளிலோ, கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளில்தான் பல்லாண்டுகளாக நடைபெறுகிறது.

லினக்ஸ் என்பது ஒன்றே. அதனை ஒழுங்குபடுத்தி வழங்குவோர் பலர். புதுவையின் நெற்களஞ்சியமாகிய பாகூரில் இதனை விளக்குவது எளிது. அரிசி ஒன்றே, அது சோறாகவும் இட்டிலியாகவும் பொங்கலாகவும் இலைக்கு வருகிறது. எது சிறந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. உண்பவரின் வயிறு எதனைத் தாங்கும் என்பதே கேள்வி. கணினிக்கு அந்த வயிறு 'ராம்' எனப்படும் நினைவகம். விண்டோஸில் கணினியின் பண்புகளைக் காட்டும் பக்கத்தில் 'இன்ஸ்டால்டு ராம்', 'சிஸ்டம் டைப்' என்னும் இரு வரிகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவகம் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேலும், வகை 64 பிட்டுமாக இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. விண்டோஸில் பழகியவர் அதன் முகப்பைக் கண்டு மிரளமாட்டார். அதன் மூன்று வடிவங்களுள் 'எக்ஸ்எஃப்சிஇ' என்பது எடை குறைந்தது. பழைய கணினிக்கு அதனையே தேர்க. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே எனில் மின்ட் ஏறும். ஆனால் இணையப் பக்கங்கள் சிலவற்றை ஒருங்கே திறந்தால் மூச்சு வாங்கும். அதற்கு 'லுபுண்டு' இலகுவானது. இயலுமாயின் நினைவகத்தைக் கூட்டுவதும், பழைய வன்தட்டுக்கு மாற்றாக ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் நன்று. புதுக் கணினியின் விலையில் இது சிறு பங்கே ஆகும். வேகமோ வியக்கத்தக்க அளவில் கூடும். 32 பிட் வகையாயின் மின்ட்டும் லுபுண்டுவும் ஏறா. 'ஆன்டிஎக்ஸ் 23' போன்றவை உதவும். ஆனால் அத்தகைய கணினியில் தட்டச்சுக்கு மேல் மிகுதியாக எதிர்பார்த்தல் கூடாது.

தேர்ந்த பின் செய்ய வேண்டிய முதற்பணி நிறுவுதல் அன்று, காத்தல். பிள்ளைகளின் திருமுழுக்குப் படங்கள், மறைந்த பெற்றோரின் ஒளிப்படங்கள், சான்றிதழ்கள், மகளிர் குழுக் கணக்குகள் ஆகியவை அக்கணினியில் இருக்கலாம். இரண்டு தனித்தனி இடங்களில் அவற்றைப் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

பிறகு லினக்ஸ் மின்ட்டின் சொந்த வலைத்தளத்திலிருந்து அதன் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அது ஏறத்தாழ 3 ஜி.பி. அளவு ஆதலால், அலைபேசியின் ஒரு நாள் டேட்டா போதாமற் போகலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' அல்லது 'எட்சர்' என்னும் கருவியால் அதனை எழுத வேண்டும். வெறுமனே படியெடுத்தால் இயங்காது. எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். அதனைச் செருகிக் கணினியை இயக்கும்போது, டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12 விசையும், எச்.பி. கணினிகளில் எஃப்9 விசையும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் தரும்.

இங்கே லினக்ஸின் பெருஞ்சிறப்பு ஒன்றைக் காணலாம். வன்தட்டில் ஓர் எழுத்தையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். பெண் பார்க்காமல் திருமணம் பேசுவதில்லை அல்லவா? வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று ஓரிரு நாள் பாருங்கள். பென் டிரைவில் சற்று மெதுவாகவே இயங்கும். அது கண்டு சோர வேண்டா. வைஃபை கிட்டாவிடில் அலைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையம் பெறலாம். வலைத்தளங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்றது' என மறுத்தால், முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்து, நாட்காட்டி பின்னோக்கிச் சென்றிருக்கக்கூடும்.

மனம் நிறைவுற்றால் நிறுவலாம். பழைய மடிக்கணினியின் பேட்டரியை நம்பாதீர்கள். மின்தடை இல்லாத வேளையாகப் பார்த்து, சார்ஜரை இணைத்தே தொடங்குங்கள். கேட்கப்படும் வினாக்கள் சிலவே. அவற்றுள் ஒன்றில் மட்டும் கை நிதானிக்க வேண்டும். 'எரேஸ் டிஸ்க்' என்பது வன்தட்டு முழுவதையும் துடைத்துவிடும். 'இன்ஸ்டால் அலாங்சைடு' என்பது, வன்தட்டில் போதிய இடம் இருப்பின், விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் தரும். முதன்முறை செய்வோர்க்கு இரண்டாவதே தக்கது. நிறுவிய பின் 'அப்டேட் மேனேஜர்' வழியாகத் திருத்தங்களை ஏற்றி, 'டைம்ஷிஃப்ட்' கருவியையும் அமைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஏதேனும் குலைந்தால் பழைய நிலைக்கு மீளலாம். தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை முறையிலும், ஒலிப்பு முறையிலும் தமிழில் தட்டச்சு செய்ய இயலும்.

இயலாதவற்றையும் மறைக்காமற் சொல்வதே முறை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஃபோட்டோஷாப் முதலியன இதில் நேரே இயங்கா. லிபர்ஆபீஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்புச் சற்றே பிறழலாம் ஆதலின், கல்லூரிக்கு அனுப்புவதைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவது நன்று. சில பிரிண்டர்கள் இணங்க மறுக்கும். சில இணையவழித் தேர்வுகளுக்கும், வணிகவியல் மாணவர் கற்கும் டேலிக்கும் விண்டோஸே வேண்டும். ஆகவே மகள் எடுத்துள்ள பாடத்திற்கு எம்மென்பொருள் தேவை என்று கல்லூரியில் முன்கூட்டியே கேட்டறிக. கேட்டபின் புதுக் கணினி தேவை என்று தெரிந்தால் வாங்குவதில் தவறில்லை. கேளாமலே கடன்படுவதுதான் தவறு.

இறுதியாக ஒன்று. எந்த லினக்ஸ் என்பதைவிட, இடர் வந்தால் யார் துணை என்பதே பெரிது. புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். எனப்படும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அருகே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இதனைக் கற்பித்து வருகின்றன. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் தமிழிலேயே விளக்குகிறது. உங்கள் தெருவில் லினக்ஸ் அறிந்த இளைஞர் ஒருவர் இருந்தால், அவர் பயன்படுத்துவதையே நீங்களும் தேர்ந்துகொள்ளுங்கள். நள்ளிரவில் கணினி முரண்டு பிடித்தாலும், காலையில் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கும்.

கடைக்குச் செல்லுமுன் பரணுக்கு ஏறுங்கள். தூசி தட்டுங்கள். நாற்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கும் உங்கள் குடும்பத்திற்கும் இடையே நிற்பது ஒரு பென் டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுமாகவே இருக்கலாம்.