தராசின் இரு தட்டும் ஒருத்தி தலையிலா?



நம் மக்களிடையே ஒரு புகழ்மொழி உலவி வருகின்றது. பெண்ணொருத்தி ஆசிரியையாய் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வீட்டையும் கவனிப்பாளாகில், “பள்ளியையும் குடும்பத்தையும் சமமாக நடத்துகிறாள்” என்று மெச்சுகிறோம். கல்யாண வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் இதனைக் கேட்டிருக்கிறேன். யானே பலமுறை சொல்லியுமிருக்கிறேன். இது புகழ்ச்சியன்று, புருஷர்களாகிய நாம் நமக்கு நாமே எழுதிக்கொண்ட விடுமுறைச் சீட்டு என்பதே என் வாதம்.

பிறரைக் குறை கூறுமுன் என் வீட்டுக் கதவைத் திறந்து காட்டிவிடுகிறேன். யான் பாகான் செராய்க்கு அடுத்த தோட்டமொன்றில் கிராணி. என் மனைவி இடைநிலைப் பள்ளியொன்றில் முதல் மூன்று படிவங்களுக்கு விஞ்ஞானம் போதிக்கும் உபாத்தியாயினி. ஒரு நாள் இரவு இளைய குழந்தைக்குக் கடுங் காய்ச்சல். இரவெல்லாம் கண் விழித்தவள் அவள். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவள் அவள். ஏழரை மணிக்கு வகுப்பில் நின்றவளும் அவளே. அன்று நீர் ஆவியாதலைச் சோதனை செய்து காட்டுகையில் கை தவறிக் கொதிநீர் வலக்கையில் கொட்டிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வீடு திரும்பியவளிடம் யான் கேட்ட முதற் கேள்வி யாது? “அப்படியானால் ராத்திரிச் சமையலுக்கு என்ன செய்வது?” என்பதுதான். அவள் பதிலொன்றும் கூறாமல் இடக்கையால் அடுப்பைப் பற்ற வைத்தாள். சமத்துவம் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு பானை சோறு பொங்கத் தெரிந்திருக்கவில்லை.

நிற்க. “ஆசிரியர் வேலை அரை நாள் வேலைதானே, பெண்களுக்கு அதுவே ஏற்றது” என்பார் உளர். விஞ்ஞான ஆசிரியையின் வேலை பள்ளி மணியோடு முடிகிறதா? நாளைய சோதனைக்குரிய கருவிகளை இன்றே எண்ணி வைக்கவேண்டும். முப்பது பிள்ளைகளின் கையருகே நெருப்பும் திராவகமும் இருக்கையில் கண் இமைக்கலாகாது. குறிப்பேடுகள் வீட்டுக்கு மூட்டையாய் வரும். இதற்கு மேல் மொழிச் சுமை. 2003-இல் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்படலாயின. 2009-இல் அதனைக் கைவிடத் தீர்மானித்து, 2012 முதல் படிப்படியாக மாற்றினார்கள். என் மனைவி ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்றாள். இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்தில் கற்றாள். இன்று மலாயில் போதிக்கிறாள். தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் தோட்டத்துப் பிள்ளை, ஆவியாதலை ‘பெஞெஜாத்தான்’ என்று கேட்டு விழிக்கையில், “உனக்குத் தெரிந்ததுதானடா இது” என்று ஒரு தமிழ்ச் சொல்லால் கைதூக்கி விடுவதற்கு அவள் அங்கே இருக்கவேண்டும். “கஷ்டமானால் ராஜிநாமா செய்துவிடட்டுமே” என்று எளிதாகச் சொல்லும் கனவான்கள், அப்பிள்ளைக்கு யார் பதில் சொல்வாரென்று கூறட்டும்.

இன்னொரு வாதம், “நம் தாய்மார் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டி, சமைத்து, பிள்ளையும் வளர்க்கவில்லையா?” என்பது. வளர்த்தார்கள், ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள்? எத்தனையோ லயங்களில் மூத்த பெண் பள்ளியை விட்டு நின்று தம்பி தங்கையரை இடுப்பில் தூக்கினாள். அத்தராசு சமமாக நின்றது அவள் படிப்பைத் தட்டில் போட்டதனால்தான்! மேலும், இலாபமொன்றையே கருதிய தோட்ட முதலாளி கூட, தாய் மரத்தடியில் நிற்கையில் குழந்தையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றறிந்து ஆயாக் கொட்டகை வைத்தான். அன்பு பேசும் நாம் நம் படித்த பெண்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? ‘பொறுமைசாலி’ என்னும் பட்டம் ஒன்றைத்தானே!

என் தொழிலின் பழங்கதையும் இங்கே பொருந்தும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டங்களில் பள்ளி இருக்கவேண்டுமென்று விதித்தது. பல தோட்டங்கள் கிராணியையோ கங்காணியையோ பிடித்து உபாத்தியாயராக்கிச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டின. கணக்குப் புத்தகத்துக்கு முழு மனிதன், கரும்பலகைக்கு அரை மனிதன்! அதனால் கெட்டது ஒரு தலைமுறையின் படிப்பு என்று மேடைதோறும் பேசுகிறோம். அன்று துரை கிராணியை அரை ஆசிரியராக்கினான். இன்று கிராணியாகிய யான், முழு ஆசிரியையை அரைச் சமையற்காரியாக்கி அதே குற்றத்தை வீட்டில் செய்கிறேன். நட்டமடைவது அன்று போல் இன்றும் பிள்ளைகளே.

“விஞ்ஞானத்தில் பெரும்பேர் பெற்ற மேரி கியூரி குடும்பமும் நடத்தவில்லையா?” என்று கேட்பவர்கள் கதையை முழுதும் படிக்கவேண்டும். அவ்வம்மை 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்தபோது மூத்த மகளுக்கு வயது ஒன்று. 1900 முதல் பெண் ஆசிரியைகளைப் பயிற்றும் கலாசாலையில் போதித்தும் வந்தார். குழந்தையை யார் பார்த்தார்? மாமனாராகிய வைத்தியர் யூஜின் கியூரி அவ்வீட்டிலேயே வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தார். 1903-இலும் 1911-இலும் நோபெல் பரிசு பெற்ற மருமகளைப் பாராட்டுவோர், தொட்டிலாட்டிய மாமனாரை மறப்பதேன்? அப்பேத்தி ஐரீனும் 1935-இல் அப்பரிசைப் பெற்றாள்.

தூர தேசம் எதற்கு? நம் ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மா பூபாலன் அம்மையார், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். பின் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர் சங்கத்தின் தலைமையேற்று, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். 1969-இல் அரசாங்க உத்தியோகத்தில் அக்கொள்கை ஏற்கப்பட்டது. சர்க்கார் ஒப்புக்கொண்ட சமத்துவத்தை நம் சமையலறை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை! திருத்தப்பட்ட தொழில் சட்டம் 1-1-2023 முதல் தாய்க்குத் தொண்ணூற்றெட்டு நாளும் தகப்பனுக்கு ஏழு நாளும் பிரசவ விடுமுறை தருகிறது. அவ்வேழு நாளில் துணி துவைத்த தகப்பன்மார் எத்தனை பேர், விருந்தாளி போல் உட்கார்ந்திருந்தோர் எத்தனை பேர் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆகவே யான் வேண்டுவன மூன்றே. ஆண்பிள்ளைகளுக்கு உலை வைக்கவும் துடைப்பம் பிடிக்கவும் சிறு வயதிலேயே பழக்குங்கள். ஆண்டில் பல நாள் பூட்டிக் கிடக்கும் நம் சங்கக் கட்டிடங்களில், வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கு நல்ல ஆயாக் கொட்டகைகள் நடத்துங்கள். “சமமாக நடத்துகிறாள்” என்று ஒருத்தியைப் புகழ வாயெடுக்கும்போது, “அவள் புருஷன் எதை நடத்துகிறான்?” என்று கேளுங்கள்.

தராசைப் பற்றி என் மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் சிறியது: ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் படியும் வைத்தால்தான் முள் நேராக நிற்கும். இரண்டு தட்டையும் ஒருத்தி தலையில் வைத்துவிட்டு முள்ளைப் பார்த்துக் கைதட்டுவது விஞ்ஞானமுமன்று, நியாயமுமன்று. அவள் கைப்புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ராத்திரிச் சமையல் இப்போது என்னுடையது. சோறு சில நாள் குழைகிறது. குழைந்த சோற்றினால் எவருடைய ஆண்மையும் கெட்டுப்போனதாக இதுவரை கேள்வியில்லை.